பாம்புக்கு விலை பேசியவர்கள்

பாம்பு விற்கிற வேலையில் பாம்பால் வருகிற தொல்லை மிகவும் குறைவு. அது தன்பாட்டில் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும். கிழமைக்கு ஒரு எலி போட்டால் போதும். சம்பள உயர்வு கேட்காது, விடுமுறை கேட்காது. தொல்லை எல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களால்தான். புடவைக் கடையில் நின்றவர்களுக்கும், மீன் கடையில் நின்றவர்களுக்கும், நகைக் கடையில் 'சும்மா பாக்க வந்தனாங்கள்' என்பதை நாளைக்கு நாற்பது தரம் கேட்டவர்களுக்கும் நான் சொல்லப்போவது உடனே விளங்கும். உங்களை நம்பித்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

வாளியைச் சுற்றியது

பரிஸுக்கு வந்து எட்டு வருடம் நான் செய்தது 'மெனாஜ்', அதாவது துப்புரவு வேலை. லா சப்பலில் மெத்ரோ ஓடுகிற பாலத்தை ஒட்டிப் பத்து நிமிடம் நடந்தால் வருகிற ஒரு செல்லப்பிராணிக் கடையும் என் பொறுப்பில் இருந்தது. ஒரு நாள் காலை கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோது சரியாக மூடாத பெட்டியில் இருந்து ஒரு சோளப் பாம்பு வெளியே வந்து என் வாளியைச் சுற்றிக்கொண்டது. சோளப் பாம்பு என்றால் எங்கள் ஊர்ச் சாரைக்குத் தூரத்துச் சொந்தம். செம்மஞ்சள் நிறம், விஷம் கிடையாது. நான் கத்தவில்லை. கத்தினால் வாளி சரியும், சரிந்தால் நிலத்தைத் திரும்பவும் துடைக்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். கையால் தூக்கிப் பெட்டியில் போட்டுவிட்டு மிச்சக் கண்ணாடியைத் துடைத்தேன். கடைக்காரர் பப்ரிஸ் இதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த கிழமையே அவர் துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டு என்னைப் பாம்புப் பக்கத்தில் விற்பனைக்கு நிறுத்தினார். ஒக்டோபரில் இருந்து மார்ச் முடியும் வரை ஆறு மாத ஒப்பந்தம். லா சப்பல் முழுக்கத் தமிழர்கள், தமிழர்கள் பாம்பைக் கும்பிடுகிறவர்கள், கும்பிடுகிறதை வாங்கமாட்டார்களா என்பது அவருடைய கணக்கு. ஆறு மாதத்துக்குள் என் ஆட்களை வாங்கவைத்தால் நிரந்தர ஒப்பந்தம் தருவதாகச் சொன்னார். முருகனைக் கும்பிடுகிறோம் என்பதற்காக நாங்கள் யாரும் மயில் வாங்குவதில்லை என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அந்த நிரந்தர ஒப்பந்தம் எனக்கு வேண்டியிருந்தது.

நானும், என் கணவர் குகனும், இரண்டு பிள்ளைகளும் பரிஸுக்கு வெளியே ஓல்னேயில் ஒற்றை அறையில் இருக்கிறோம். திரான்சியில் நடராசா அண்ணை என்று எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு மூன்று அறை வீடு ஒன்று இருந்தது. இருக்கிற ஆட்கள் ஏப்ரலில் வெளிக்கிடுகிறார்கள், உங்களுக்கே வாடகைக்குத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். ஆனால் புருசன் பெண்சாதி இரண்டு பேருக்கும் நிரந்தர வேலை இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பு. குகன் உணவகத்தில் நிரந்தரம். மிச்சம் நான்தான். கடையில் வேலை கிடைத்திருக்கிறது என்றதும் அண்ணை சந்தோசப்பட்டார், என்ன கடை என்று கேட்கவில்லை. நானும் கேளாததற்குப் பதில் சொல்லவில்லை. முதல் நாள் பப்ரிஸ் என் தோளில் தட்டி, முழு நம்பிக்கையோடு சொன்னது இது: “உங்கள் நாட்டில் எல்லோருக்கும் மகுடி ஊதத் தெரியும்தானே, வதனி? உங்களுக்கு நான் என்ன சொல்லித் தர இருக்கிறது?”

கண் மங்கின சரக்கு

அவர் சொல்லித் தர நிறைய இருந்தது. செதிலுக்கு இடையில் உண்ணி ஓடுகிறதா பார், வாயில் சளி நுரைக்கிறதா பார், கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று கேள், கையை மேலே இருந்து இறக்காதே, பக்கத்தால் கொண்டு போ. நாக்கை ஆறுதலாக நீட்டி நீட்டி இழுத்தால் நல்ல குணம். கழுத்தை மடித்துப் பின்னுக்கு இழுத்தால் கையை எடு. எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டை உரிக்கப்போகிற பாம்பின் குணத்தை எடை போடாதே. அந்த நேரத்தில் அதற்குக் கண் பால் விழுந்த மாதிரி மங்கியிருக்கும், சரியாகத் தெரியாது, அந்த எரிச்சலில் யாரையும் சீறும்.

முதல் தமிழ் வாடிக்கையாளர் தங்கராசா அண்ணை. ரூ பெர்தொனே என்ற தெருப் பக்கம் ஒரு உணவகத்தில் குசினிக்குப் பொறுப்பானவர், விடியவே மொத்தச் சந்தைக்குப் போய் மீன் எடுக்கிறவர். மகன் பிறந்தநாளுக்குப் பாம்பு கேட்கிறானாம். பாம்பைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் சரக்குப் பார்க்கத் தெரியும் என்றார். நான் எடுத்துக் காட்டிய சோளப் பாம்பின் முகத்துக்கு நேரே குனிந்தார். என் கெட்ட காலம், அது சட்டை உரிக்க இருந்தது. மங்கின கண்ணைப் பார்த்துவிட்டு அண்ணை நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில், மூன்று நாள் ஐஸில் கிடந்த விளைமீனைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்ற தீர்ப்பு இருந்தது. விரலால் உடம்பை அமத்தி, குழி விழுந்து நிற்கிறதா என்று பார்த்தார். மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்தும் பார்த்தார். நான் சட்டைக் கதையைச் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மீன்காரர்கள் சொல்கிற கதை எல்லாம் கேட்டுப் பழகிய தலை அது. பாதி விலை என்றால் யோசிக்கலாம் என்றுவிட்டுப் போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தார். அதே பெட்டி, அதே பாம்பு. ஆனால் இப்போது சட்டை உரித்து, உடம்பு பளபளத்து, கண் இரண்டும் கறுப்பு மணியாக மின்னின. இது அதே பாம்புதான் என்று சத்தியம் பண்ணினேன். உரித்த சட்டையைக்கூட எடுத்துக் காட்டினேன். மீன் வெட்டின இடத்துக் குப்பையைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தார். பிறகு முழு விலையையும் கொடுத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வாசலில் நின்று எனக்குப் புத்தி சொன்னார்: “இதைப் போல புதுசு வந்தால் எடுத்து வையும், பிள்ளை. போன கிழமையான் பழசை மட்டும் எங்கட ஆக்களுக்குக் குடுத்துப் போடாதையும்.”

வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்

பாம்பின் விலை நீளத்தில் இல்லை, நிறத்தில் இருக்கிறது. இதை எங்கள் ஆட்களுக்கு விளங்கவைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளம் உள்ள சாதாரண வெங்கிணாந்தி ஒரு விலை என்றால், முழங்கை அளவுகூட வராத ஒரு குட்டி, வெள்ளை உடம்பில் மஞ்சள் திட்டுத் திட்டாக அமைந்துவிட்டால், அதைப்போல் ஆறு மடங்கு. வெங்கிணாந்தி என்று நான் சொல்வது மலைப்பாம்பைத்தான். இது ஆபிரிக்காவில் இருந்து வந்த சின்ன வகை. பயந்தால் பந்து மாதிரிச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும் சாது.

எங்கள் கட்டிடத்திலேயே இருக்கிற புவனா அக்காவின் கணவருக்கு இரத்த அழுத்தம். வீட்டில் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு சீவன் இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மீன் தொட்டி வைத்தால் மனுசன் குழம்பு நினைவாகவே இருப்பார் என்று அக்கா பாம்புக்கு வந்தார். அக்கா யார் என்றால், ஓல்னேயில் எந்த வீட்டுக் கலியாணத்துக்கும் கூறைப் புடவை எடுக்கக் கூட்டிக்கொண்டு போகப்படுகிறவர். இருந்த பத்துக் குட்டிகளையும் எடுத்து மேசையில் வரிசையாகப் போடச் சொன்னார், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நிறம் தெரியுமாம். அப்படிப் போட்டால் பத்தும் பத்துத் திசைக்குப் போய்விடும் என்று சொல்லி ஒவ்வொன்றாகக் காட்டினேன். மஞ்சள் திட்டுக் குட்டி பிடித்துவிட்டது. ஆனால் கடை வெளிச்சத்தை நம்பி எதுவும் எடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

தை மாதக் குளிரில் பாம்பை வெளியே கொண்டுபோகக்கூடாது. ஆகவே நான் குட்டியை என் கம்பளிச் சால்வைக்குள் சுற்றி, வாசல் கண்ணாடியோடு ஒட்டி நின்று, தலையை ஒரு பக்கமும் வாலை ஒரு பக்கமும் வெளியே விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தேன். தெருவில் போன ஒரு பிரெஞ்சுக் கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், கடைசியில் புரட்டிக் காட்டச் சொன்னார். புரட்டினேன். முகம் சுருங்கிப் போயிற்று. “மேலால வடிவுதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா உந்த விலைக்கு அடிப்பக்கமும் வேலைப்பாடு இருக்க வேணும், வதனி. இது வெறும் வெள்ளை.”

பிறந்த நேரம்

கடையில் விற்கிற ஒவ்வொரு பாம்புக்கும் 'பப்பியே', அதாவது பத்திரம், உண்டு. என்ன வகை, ஆணா பெண்ணா, எந்த வளர்ப்பாளரிடம் எந்தத் திகதியில் பிறந்தது என்று எல்லாம் எழுதி முத்திரை குத்தியிருக்கும். குகனுக்கு இந்த நாட்டில் இருக்கிறதற்குப் பப்பியே கிடைக்க ஏழு வருடம் எடுத்தது. பாம்புக்கு முட்டையை விட்டு வெளியே வந்த கிழமையே கிடைத்துவிடுகிறது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

அந்தத் தாளை மூக்குக் கண்ணாடி போட்டு முழுக்க வாசித்த ஒரே ஆள் சண்முகலிங்கம் ஐயா, ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறவர். பின்னேரம் ஐந்து மணி தாண்டி இருட்டிவிட்டபடியால் அவர் பாம்பு என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. விளக்கு வைத்த நேரத்தில் சொல்லக்கூடாதாம். 'அது' என்றார், 'அந்தச் சீவன்' என்றார். திகதி சரி, பிறந்த நேரம் எங்கே என்று கேட்டார். வீட்டில் இருக்கிறவர்களின் சாதகத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டுமாம். நான் பப்ரிஸிடம் கேட்டேன். பப்ரிஸ் வளர்ப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தார். அதிகாரிகள் யாரோ விசாரிக்கிறார்கள் என்று வளர்ப்பாளர் பயந்துபோனார். முட்டையைக் கிழித்துத் தலையை நீட்டினபிறகு அது ஒன்றிரண்டு நாள் உள்ளேயே கிடக்கும், எதை நேரம் என்று சொல்வது என்று திருப்பிக் கேட்டார். இதை ஐயாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வெளியே போய்ச் சாத்திரியாருக்கு எடுத்துப் பேசிவிட்டு வந்து, முதல் மூச்சு எடுத்த நேரம்தான் கணக்கு என்றார்.

ஒரு விற்பனை கைநழுவிப் போகிறது, பப்ரிஸ் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பகல் பதினொன்றரை என்று சொன்னேன். என் மூத்த மகள் பிறந்த நேரம் அது, மனதில் வேறு எதுவும் வரவில்லை. பொய்தான், கொஞ்சம் உறுத்தவும் செய்தது. மூன்று நாள் கழித்து ஐயா சந்தோசமாக வந்து பாம்பை வாங்கிக்கொண்டு, பலனையும் சொல்லிவிட்டுப் போனார்: “திறமான சாதகம். கொஞ்சம் வாய்க்காரச் சாதகம்தான், ஆனா கடைசி மட்டும் தாய் தேப்பனை விட்டிட்டுப் போகாது.”

திங்கட்கிழமைகளில் வந்தவர்

யோகன் வன்னியில் இருந்து வந்தவர், ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். உணவகம் பூட்டியிருக்கிற திங்கட்கிழமைகளில் வருவார். பெரிய வெங்கிணாந்தி இருக்கிற பெட்டிக்கு முன்னால் அரை மணித்தியாலம் நிற்பார். விலை கேட்கமாட்டார், தொட்டுப் பார்க்கக் கேட்கமாட்டார், வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். நாலாவது திங்கட்கிழமை பப்ரிஸ் பொறுமை இழந்து, வாங்குகிற ஆளா என்று கேட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்.

வருகிற எல்லோரும் முதலில் கேட்பது 'கடிக்குமோ' என்றுதான். இந்த ஒருவர்தான் அதைக் கேட்கவேயில்லை. ஏன் என்று கேட்டேன். யாரோ கண்ணாடியில் தட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வெங்கிணாந்தி பந்தாகச் சுருண்டு தலையை ஒளித்து வைத்திருந்தது. பயந்தால் அப்படித்தான் செய்யும் என்று நான் பழக்கதோசத்தில் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அவர் சொன்ன பதிலுக்குப் பிறகு எனக்கு அவரிடம் எதையும் விற்க மனம் வரவில்லை. பப்ரிஸிடம் போய், பெரிய பெட்டி வாங்க யோசித்துக்கொண்டிருக்கிறார், அவசரப்படுத்த வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். யோகன் சொன்னது இவ்வளவுதான்: “தெரியும், அக்கா. கடைசிச் சண்டை நேரம் எங்கட பங்கருக்குள்ள ஒண்டு வந்து கிடந்தது. எங்களுக்கு இருந்த பயம்தான் அதுக்கும். ரெண்டு நாள் ஆளையாள் பாத்துக்கொண்டு கிடந்தனாங்கள்.”

பிரின்ஸின் குணம்

மார்ச் பிறந்தது. நான் விற்ற பாம்புகளை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிடலாம். நடராசா அண்ணை இரண்டு தரம் தொலைபேசி எடுத்து, வேறு ஆட்களும் வீட்டைக் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். மார்ச் கடைசிச் சனிக்கிழமை பப்ரிஸ் என்னைக் கூப்பிட்டு முடிவாகச் சொன்னார். இன்றைக்குப் பிரின்ஸை விற்றால் திங்கட்கிழமை கையெழுத்து. இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கு நன்றி.

பிரின்ஸ் ஒரு பெரிய சோளப் பாம்பு. இரத்தச் சிவப்பு, அப்படி ஒரு அழகு. பெட்டி திறக்கிற சத்தம் கேட்டாலே பாய்ந்து கடிக்கும். ஊசியால் கீறின மாதிரித்தான் இருக்கும், உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் வாங்கினவர்கள் இரண்டு தரம் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பப்ரிஸ் பெட்டியில் 'மிகவும் சாந்தம்' என்று எழுதி ஒட்டியிருந்தார். பாம்பு வாங்க நினைக்கிற யாராவது இதை வாசித்தால் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: குளிர்ந்த பாம்பு எல்லாமே சாதுதான். உடம்பில் சூடு ஏறினால்தான் அதன் குணம் தெரியும். அன்று காலை கடை திறக்க முதலே பப்ரிஸ் பிரின்ஸின் பெட்டி வெப்பத்தை நிற்பாட்டி வைத்திருந்தார்.

பத்து மணிக்குச் சுகந்தி அக்கா தன் பதினைந்து வயது மகள் ஆரணியோடு வந்தார். மகள் வீட்டில் யாரோடும் பேச்சில்லையாம். பள்ளிக்கூடத்தால் வந்தால் கதவை அடித்துச் சாத்துவாளாம், கேட்டதற்கெல்லாம் பிரெஞ்சில் ஒரு சொல்லில் பதிலாம். அவளாக வாய் திறந்து கேட்ட ஒரே சாமான் பாம்பு. பிரின்ஸ் அவள் கையில் நனைந்த கயிறு மாதிரிக் கிடந்தது. அவள் கண் அதைவிட்டு எடுபடவில்லை. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “தங்கச்சி, எனக்கு உதுகளைப் பற்றி ஒண்டும் தெரியாது. நீங்கள் எங்கட ஆள். இது நல்ல குணமோ, உண்மையைச் சொல்லுங்கோ.” காசு மேசைக்குப் பின்னால் பப்ரிஸ் எனக்குப் புன்னகை செய்தார். அந்த மூன்று அறையும், பிள்ளைகள் தனியாகப் படுக்கிற அறையும், யன்னல் வைத்த குசினியும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. எனக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. தமிழில், மெதுவாக, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெப்பத்தை நிற்பாட்டி வைத்திருக்கிறது, சூடு ஏறினால் கடிக்கும், இரண்டு தரம் திரும்பி வந்தது, இதை வேண்டாம், அந்தச் சின்னதை எடுங்கள்.

பிரெஞ்சில் பதில் சொல்கிற எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்காது என்று நாங்கள் வைத்திருக்கிற நினைப்பு இருக்கிறதே, அதைப்போல ஒரு முட்டாள்தனம் கிடையாது. ஆரணி நேரே பப்ரிஸிடம் போய், சுத்தமான பிரெஞ்சில், இந்தப் பெட்டி வெப்பத்தை நிற்பாட்டியது நீங்களா என்று கேட்டாள். பப்ரிஸ் என்னைப் பார்த்தார். எனக்கு எல்லாம் முடிந்துபோயிற்று. அவள் பாம்பைப் பெட்டியில் விட்டு, வெப்பத்தைத் தானே போட்டு, முன்னால் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இருபது நிமிடம் கழித்துக் கையை விட்டாள். பிரின்ஸ் பெருவிரலில் கடித்தது. அவள் கையை உதறவில்லை, அது விட்டபிறகு மெல்ல எடுத்து, இரண்டு சொட்டு இரத்தத்தைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். இதுதான் வேண்டும் என்றாள், அதுவும் தமிழில். அக்கா கைப்பையைத் திறந்தபடி என்னிடம் சொன்னார்: “கடி எனக்குப் புதுசில்லை, தங்கச்சி. வீட்டில ஒண்டு பதினஞ்சு வருசமா வளருது. இது கதவை அடிச்சுச் சாத்தாதுதானே?”

மூன்று அறை

திங்கட்கிழமை பப்ரிஸ் ஒப்பந்தத்தை மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். வாங்காதே என்று சொல்லி விற்கிற முறையைத் தான் முப்பது வருட வியாபாரத்தில் கண்டதில்லை என்று வியந்தார். அது முறை இல்லை என்று நான் திருத்தப் போகவில்லை. பிரின்ஸின் பெட்டியில் ஒட்டியிருந்த 'மிகவும் சாந்தம்' என்ற தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அவர் பார்த்தும் பாராத மாதிரி இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் குகனும் கடுதாசி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கிக்கொண்டு திரான்சிக்குப் போனோம். நடராசா அண்ணையின் மனைவி தேத்தண்ணீர் தந்தார். அண்ணை முதலில் எங்களுக்கு அந்த வீட்டை, அதில் தான் அமைத்து வைத்திருந்த சின்னச் சாமியறையோடு சேர்த்துக் காட்டினார். பிள்ளைகள் அறையில் கட்டில் எந்தப் பக்கம் போடலாம் என்று குகன் கையால் அளந்துகூடப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, அண்ணை ஒவ்வொரு தாளாகப் பார்த்துத் திருப்தியோடு தலையை ஆட்டினார். என் ஒப்பந்தத்தில் இரண்டாவது பக்கத்துக்கு வந்தபோது விரல் நின்றது. விற்பனை, ஊர்வன பகுதி என்று போட்டிருந்தது. அது என்னவென்று கேட்டார். குகன் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் பார்த்தார். நான் சொன்னேன்.

அண்ணை கடுதாசிகளைக் கோப்புக்குள் வைத்து ஆறுதலாக மூடி எங்கள் பக்கம் தள்ளி வைத்தார். அவருக்குப் பின்னால் சுவரில் சிவபெருமான் படம் பெரிதாக மாட்டி, ஊதுபத்தி கொளுத்தியிருந்தது. கழுத்தில் ஒன்று படம் விரித்து நின்றது. பக்கத்துப் படத்தில் முருகனின் மயில் காலடியில் இன்னொன்று. அண்ணையின் குரலில் கோபம் இல்லை, நல்ல மரியாதையாகத்தான் சொன்னார்: “எனக்கு ஒண்டுமில்லை, தங்கச்சி, வேலை எண்டால் வேலைதான். ஆனா பாம்பு பிடிக்கிற கையால என்ர வீட்டுச் சாமியறையில விளக்கு வைக்கிறது எனக்குச் சரியாப் படேல்லை.”

ஒரு பாம்பின் உண்மைக் குணம் தெரிய இருபது நிமிடம் போதும், வாடகைக்கு வீடு தருகிற நம்மவரின் குணம் தெரிய எனக்கு ஆறு மாதமும் ஒரு நிரந்தர ஒப்பந்தமும் தேவைப்பட்டன.